குடைத் துணிக் குடும்பம்

போன வாரம் மகள் என்னைப் பேரங்காடிக்குக் கூட்டிப் போனாள். கடை முழுக்க மலிவு விற்பனை. விலைவாசி ஏறிவிட்டது, நாங்கள் இறக்கிவிட்டோம் என்று வாசலில் பெரிய துணி கட்டியிருந்தார்கள். எல்லை தாண்டி வந்த சிங்கப்பூர்க்காரர்கள் வண்டி நிறைய அள்ளித் தள்ளிக்கொண்டு போனார்கள். சமையல் எண்ணெய் இருந்த இடத்தில் ஓர் அட்டை. ஆளுக்கு இரண்டு பொட்டலம்தான்.

மகள் என் காதில் சொன்னாள்: "அம்மா, நீங்க அந்த வரிசையில நில்லுங்க. என்னைத் தெரியாத மாதிரி இருங்க."

நான் சிரித்துவிட்டேன். எதுக்குச் சிரிக்கிறீங்க என்றாள். வீட்டுக்கு வா, சொல்றேன் என்றேன். வீட்டுக்கு வந்ததும் அவள் வேலையாகப் போய்விட்டாள். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, இன்று டவுனில் தாமான் குடியிருப்பு வீட்டில் உட்கார்ந்திருக்கிற என் வயதுக்காரர்களுக்கு. உங்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை.

எனக்கு ஒன்பது வயது. ஆயர் ஈத்தாம் பக்கத்தில் ரப்பர் தோட்டம். உலகத்தில் எங்கோ எண்ணெய் விலை ஏறிவிட்டதாம். அதற்கும் எங்கள் லயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் சீனி ஏறியது. அரிசி ஏறியது. தோட்டத்து மளிகைக் கடைக்காரர் விலை அட்டையை மாற்றி மாற்றி அலுத்துப்போய், பழைய அட்டை மேலேயே புதுக் காகிதத்தை ஒட்ட ஆரம்பித்தார். பிள்ளைகள் நாங்கள் அதை நகத்தால் சுரண்டுவோம். உள்ளே போன மாத விலை இருக்கும். அதற்கும் உள்ளே அதற்கு முந்திய மாதம்.

"எதுக்குடா சொரண்டுறீங்க?" என்று கடைக்காரர் கத்துவார்.

"பழைய வெலைக்குத் தருவீங்களான்னு பார்க்கிறோம் முதலாளி." இது என் அண்ணன். அவனுக்குப் பன்னிரண்டு வயது. வாய் மட்டும் முப்பது.

"ஒங்கப்பனைப் பழைய சம்பளத்தைக் கொண்டாரச் சொல்லு, தர்றேன்."

"சம்பளம் எப்பவுமே பழசுதான் முதலாளி."

கடைக்காரரும் சிரித்துவிட்டார். விலை இறங்கவில்லை.

அந்த வருஷம்தான் தம்பி பிறந்தான். பிறந்த கையோடு அம்மாவுக்குக் காய்ச்சல். பத்து நாள் நினைவில்லாமல் கிடந்தாள். எழுந்தபோது தாய்ப்பால் வற்றிவிட்டது. எல்லா வீட்டிலும் செய்வதைத்தான் எங்கள் வீட்டிலும் செய்தார்கள். காப்பிக்கு ஊற்றுகிற இனிப்பு டின் பாலைச் சுடுதண்ணீரில் கரைத்துப் புட்டியில் கொடுத்தார்கள். அந்தக் காலத்துப் புட்டி நினைவிருக்கிறதா? கண்ணாடி. படகு மாதிரி வளைந்திருக்கும். இரண்டு முனையிலும் ரப்பர். பிள்ளையை விடப் புட்டிக்குத்தான் நாங்கள் அதிகம் பயந்தோம். உடைந்தால் வேறு கிடையாது.

தம்பி இனிப்பை விரும்பிக் குடித்தான். ஆனால் உடம்பு ஏறவில்லை. மூன்று மாதப் பிள்ளையைத் தூக்கினால் துவைத்த துண்டைத் தூக்குவது போல் இருக்கும்.

தோட்டத்து மருந்தகத்தில் டிரெசர் ஒருவர் இருந்தார். டாக்டர் இல்லை. ஊசி போடுவார், காயம் கட்டுவார், பிள்ளைகளை நிறுப்பார். எங்களுக்கு அவர்தான் எல்லாம். உத்தரத்தில் தராசு தொங்கும். அதன் கொக்கியில் தூளி மாதிரி ஒரு துணி. தம்பியை அதில் போட்டார். முள் நகர்ந்த மாதிரியே தெரியவில்லை.

"டின் பாலை நிறுத்தும்மா. அதுல சீனிதான் இருக்கு. பால்மாவு வாங்கிக் குடு. ஒரு புட்டிக்கு நாலு கரண்டி. வாரா வாரம் கொண்டுவந்து காட்டு. இப்படியே போனா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

அம்மா தலையை ஆட்டினாள்.

பால்மாவு டின் மீதும் காகிதம் மேல் காகிதம் ஒட்டியிருந்தது. அப்பா ஒரு டின் வாங்கினார். டின்னுக்குள் ஒரு குட்டிக் கரண்டி கிடந்தது. டிரெசர் நாலு சொன்ன இடத்தில் அம்மா இரண்டே போடச் சொன்னாள். அப்போதுதான் டின் சம்பளம் வரைக்கும் வரும். அடுத்த வாரம் டிரெசர் கேட்டார்.

"எத்தனை கரண்டி போடுற?"

"நாலு சார்."

பக்கத்தில் நான் நின்றேன். கரைப்பதே நான்தான். ஒன்றும் சொல்லவில்லை. டிரெசர் தராசைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். எடையை எழுதிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் நோஞ்சான் பிள்ளையை வைத்துக்கொள்ள மாட்டோம் என்றுவிட்டார்கள். அம்மாவும் அப்பாவும் விடியுமுன் ரப்பர் பாலுக்கு மரம் வெட்டப் போக வேண்டும். பதினைந்து வயது அக்காவும் பெரட்டில், காலை ஆள்கணக்கில், பேர் கொடுத்துவிட்டாள். அண்ணன் படிக்கிற பையன். மிச்சம் நான். "தம்பி தேர்ற வரைக்கும் நீ வீட்ல இரு" என்றாள் அம்மா. நான் மூன்றாம் வகுப்போடு நின்றேன். தம்பி தேறிய பிறகு திரும்பப் போகச் சொல்ல யாருக்கும் ஞாபகம் வரவில்லை. எனக்கும் வரவில்லை. அதை விடுங்கள்.

நாள் முழுக்கத் தம்பி என் இடுப்பில்தான். தூக்கம் வந்தால் என் காது மடலைப் பிடித்துக்கொள்வான். விரல் குளிர்ந்திருக்கும். காதைப் பிடித்தால்தான் அழுகை நிற்கும். அம்மா காது கூட ஆகாது அவனுக்கு.

ஒரு சாயங்காலம் தோட்டத்துச் சாலையில் ஒரு வேன் வந்தது. மேலே ஒலிபெருக்கி. மலாயில் ஏதோ சொல்லி, மஞ்சள் காகிதங்களை வீசிவிட்டுப் போனது. பிள்ளைகள் ஓடிப் பொறுக்கினோம். அண்ணன் படித்துச் சொன்னான்.

பக்கத்து டவுன் குளுவாங்கில் எம்போரியம் என்று மூன்று மாடிக் கடை ஒன்று இருந்தது. நாங்கள் யாரும் உள்ளே போனதில்லை. விலைவாசியை எதிர்த்து அங்கே கடை முழுக்க மலிவு விற்பனையாம். ஞாயிறு தொடங்கி ஏழு நாள். சட்டை, பாத்திரம், செருப்பு, எல்லாம். கடைசியில் சின்ன எழுத்தில் இருந்ததை அவன் இரண்டு தடவை படித்தான். பால்மாவு, பாதி விலை. ஒரு குடும்பத்துக்கு ஒரு டின்.

அம்மா அடுப்பை விட்டு எழுந்து வந்தாள்.

"ஒரு குடும்பத்துக்கா, ஒரு ஆளுக்கா?"

"குடும்பத்துக்கும்மா."

 அம்மா எங்களை எண்ணினாள். அப்பா, அம்மா, அக்கா, அண்ணன், நான்.

"அஞ்சு பேரு இருக்கோம். அஞ்சு குடும்பமாப் போவோம்."

அப்பா பீடி குடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பொய் பிடிக்காது. அதைவிட, யாரிடமும் போய்க் கேட்பது பிடிக்காது. "கடையில போயி, பிள்ளை நோஞ்சானா இருக்கு, கூட ஒண்ணு குடுங்கன்னு கேட்டா என்னா?" என்று அக்காதான் சொன்னாள்.

"கேட்டு வாங்குற வேலையெல்லாம் வேணாம்," என்றார் அப்பா. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. அஞ்சு குடும்பம் என்பதற்கு அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

வெள்ளியும் சனியும் ஒத்திகை. அம்மா கல்லாக்காரி மாதிரி மண்ணெண்ணெய்ப் பெட்டி மேல் உட்காருவாள். நாங்கள் ஒவ்வொருவராகப் போவோம்.

"நீ யாரு?"

"நான் ஆயர் ஈத்தாம் மண்சட்டிக் கடைக்காரர் மகன்," என்றான் அண்ணன்.

"எத்தனை பேரு வீட்ல?"

"பதினாலு பேரு. எல்லாரும் பால்மாவுதான் குடிப்போம்."

அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். அக்காவைக் கல்யாணம் ஆனவள் என்று சொல்லச் சொன்னாள். "மாப்பிள்ளை யாருன்னு கேட்டா?" என்றாள் அக்கா. "சிங்கப்பூர்ல வேலைன்னு சொல்லு." அக்காவுக்கு அது பிடித்துவிட்டது. இரண்டு நாளும் மாப்பிள்ளை சிங்கப்பூர் என்று தனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

எனக்கு ஒரே ஒரு பாடம். "நீ சின்னவ. ஒண்ணும் பேசாத. கேட்டா, அம்மா வெளிய நிக்கிறாங்கன்னு சொல்லு. யாரையும் பார்க்காத. தம்பி என்கிட்ட இருப்பான். அவனைத் திரும்பியும் பார்க்கக் கூடாது. தெரியாத பிள்ளை."

சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து லாரி டவுனுக்குப் போகும். எல்லாரும் குளித்து, தீபாவளித் துணியை எடுத்து உடுத்திக்கொண்டோம். டவுனுக்குப் போனால் நல்ல துணி. அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

தீபாவளித் துணி எப்படி எடுப்போம் என்று உங்களுக்குத் தெரியும். சைக்கிளில் ஒரு துணிக்காரர் வருவார். தங்காக் ஊர்த் துணிக்கடைகளில் மொத்தமாக எடுத்து, லயத்தில் பிரித்து விற்பார். ஒரே கட்டுத் துணியில் வீட்டில் எல்லாருக்கும் வெட்டுவார்கள். சேர்த்து எடுத்தால் மலிவு, தைக்கக் கூலியும் குறைவு. அந்த வருஷத்துத் துணி ஊதா நிறம். மேலே சின்னச் சின்ன வெள்ளைக் குடைகள். விரித்த குடை, மடக்கிய குடை. அப்பாவுக்குச் சட்டை. அண்ணனுக்குச் சட்டை. அம்மாவுக்கு ரவிக்கை. அக்காவுக்குப் பாவாடை சட்டை. எனக்குக் கவுன். மிச்சத்தில் தம்பிக்கு ஒரு சின்ன மேல்சட்டை, ஒரு தொப்பி.

ஆறு பேரும் குடை போட்டுக்கொண்டு லாரி ஏறினோம். ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

எம்போரியத்துக் கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அடித்தது. புதுச் செருப்பு வாசமும் அந்துருண்டை வாசமும் கலந்து ஒரு வாசம். கூரையிலிருந்து மஞ்சள், சிவப்புக் காகிதங்கள் தொங்கின. எல்லாவற்றிலும் பழைய விலையைக் கோடு போட்டு அடித்திருந்தார்கள். சுரண்டாமலே தெரிந்தது. சுவரோரமாக ஏறும் படி தானாக ஓடியது. அண்ணன் அதைப் பார்த்ததும் ஆயர் ஈத்தாம் மண்சட்டிக் கடையை மறந்துவிட்டான். மூன்று தடவை ஏறி இறங்கினான். அம்மா கண்ணாடித் தம்ளர் ஒன்றை எடுத்து, விரலால் சுண்டி, வைத்துவிட்டாள்.

பால்மாவு கீழ்த்தளத்தில், ஒரு கல்லாவுக்கு முன்னால். நீண்ட வரிசை. மலாய்க்காரர், சீனர், நம்மவர், எல்லாரும். கல்லாவில் ஒரு சீனப் பெண். கண்ணாடி போட்டிருந்தாள். அம்மா வயதிருக்கும்.

முதலில் அப்பா. பணம் கொடுத்தார், டின்னை வாங்கினார், வாசலில் போய் நின்றார். அப்புறம் இரண்டு பேர் விட்டு அக்கா. கல்லாக்காரி அக்காவின் சட்டையைப் பார்த்தாள். வாசலில் நின்ற அப்பாவின் சட்டையைப் பார்த்தாள். அக்கா கேட்காமலே சொன்னாள்: "சிங்கப்பூர்." கல்லாக்காரிக்கு அது புரியவில்லை. டின்னைக் கொடுத்தாள். அப்புறம் அண்ணன் வந்தான். அவள் பக்கத்துக் கல்லாப் பெண்ணைக் கூப்பிட்டு அவன் சட்டையைக் காட்டினாள். இரண்டு பேரும் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அவனுக்கும் ஒரு டின் கிடைத்தது.

அடுத்து அம்மா. இடுப்பில் தம்பி. எனக்கும் அவளுக்கும் நடுவில் மூன்று பேர்.

நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காகிதங்களை எண்ணினேன். தம்பி அம்மாவின் தோளுக்கு மேலே என்னைப் பார்த்துவிட்டான். முதலில் சிரித்தான். நான் பார்க்கவில்லை. கையை நீட்டினான். நான் பார்க்கவில்லை. பிறகு அழ ஆரம்பித்தான். அவன் அழுகை பெரிதாக இருக்காது. பூனைக்குட்டி மாதிரி, மூச்சு விட்டு விட்டு வரும். அம்மா தட்டிக் கொடுத்தாள். தோள் மாற்றினாள். அவன் திரும்பித் திரும்பி என்னையே பார்த்தான். முகம் கறுத்துப் போனது.

இருபது காகிதம் வரை எண்ணியிருப்பேன். பிறகு கால் நடந்துவிட்டது. நான் நடக்கவில்லை. முன்னால் நின்ற மூன்று பேரையும் தாண்டிப் போனேன். தம்பி தாவி என்னிடம் வந்து காதைப் பிடித்தான். அழுகை நின்றது.

கல்லாக்காரி என் கவுனைப் பார்த்தாள். தம்பியின் தொப்பியைப் பார்த்தாள். இந்தப் பாப்பா யார் என்று மலாயில் கேட்டாள். எனக்கு அம்மா சொன்னது ஞாபகம் வந்தது.

"தா கெனால்," என்றேன். தெரியாது என்று அர்த்தம்.

தம்பி என் காதை இழுத்துக்கொண்டு கழுத்தில் முகத்தைப் புதைத்திருந்தான். வரிசை முழுக்கச் சிரித்தது. பின்னால் ஒரு மலாய்க்கார அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

அப்பா வந்தார். கையிலிருந்த டின்னைக் கல்லா மேல் வைத்தார். அக்காவிடமும் அண்ணனிடமும் இருந்ததை வாங்கி வைத்தார். அவர் முகத்தை அதற்கு முன்னும் பின்னும் அப்படி நான் பார்த்ததில்லை.

"வாங்க, போலாம்."

நாங்கள் திரும்பினோம். அம்மா மட்டும் நகரவில்லை.

அம்மா மலாய் பேசி நாங்கள் கேட்டதில்லை. கடையில் கை காட்டுவாள், அவ்வளவுதான். இப்போது பேசினாள். முதலில் என் தலையில் கையை வைத்தாள்.

"இனி அனாக் சாயா." இது என் பிள்ளை. அக்காவைக் காட்டினாள், அண்ணனைக் காட்டினாள். "இத்து அனாக் சாயா. செமுவா அனாக் சாயா." எல்லாம் என் பிள்ளைகள். பிறகு என் இடுப்பில் இருந்த தம்பியின் மேல்சட்டையைத் தூக்கிக் காட்டினாள். அதற்கு மேல் அவளுக்கு மலாய் வரவில்லை. தமிழிலேயே சொன்னாள்.

"ஒரு டின் பத்தாதும்மா. ரெண்டு கரண்டிதான் போடுறேன். நாலு போடணுமாம்."

அன்றைக்குத்தான் அந்த ரெண்டு கரண்டி அப்பாவுக்குத் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

கல்லாக்காரி சிரிப்பதை நிறுத்தினாள். அண்ணன் மலாயில் எடுத்துச் சொன்னான். அவள் கல்லாவுக்கு மேலே குனிந்து தம்பியின் கையைப் பிடித்தாள். கட்டைவிரலையும் நடுவிரலையும் சேர்த்து அவன் மணிக்கட்டைச் சுற்றினாள். இரண்டு விரலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன. எத்தனை மாதம் என்று கேட்டாள். அண்ணன் ஐந்து என்றான். இல்லை, ஆறு என்றேன் நான்.

வரிசையைக் காட்டி ஏதோ சொன்னாள். அண்ணன் மெதுவாகச் சொன்னான்: "இன்னிக்கு ஒண்ணுதான் குடுக்க முடியுமாம். பின்னாடி எல்லாரும் பார்த்துக்கிட்டு இருக்காங்களாம். காப்பிக் கடைக்காரங்க பெட்டி பெட்டியா அள்ளிட்டுப் போறாங்கன்னுதான் அந்த அட்டையாம். நாளைக்கு வரச் சொல்றாங்க. நாளான்னைக்கும். விற்பனை முடியிற வரைக்கும் நமக்குன்னு தினமும் ஒண்ணு எடுத்து வைக்கிறாங்களாம். யாரையாவது அனுப்பினாப் போதுமாம்."

"யாரு வந்தான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அம்மா.

அண்ணன் கேட்டான். கல்லாக்காரி என் கவுனைத் தொட்டுக் காட்டி, "பாயோங்," என்றாள். குடை.

அப்பா லாரியில் ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை. அம்மா செய்தது மானக்கேடு என்று நினைத்தார் போல. நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்தேன், என்னால் கெட்டது என்று.

இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. தோட்டத் துரையிடம் கேட்டால் இல்லை என்பார். கணக்கு எழுதும் கிராணியிடம் கேட்டால் திட்டுவார். கேட்காமல் வாழப் பழகிக்கொண்டோம். ஐந்து பேரை ஐந்து குடும்பமாக்க அம்மாவால் முடிந்தது. ஒரு வார்த்தை கேட்பது அதைவிடப் பெரிய வேலையாக இருந்தது.

மறுநாள் அடுத்த வீட்டு அத்தை குளுவாங்குக்குப் பல் பிடுங்கப் போனாள். அம்மா அவளிடம் காசைக் கொடுத்துச் சொல்லிவிட்டாள். அத்தையிடமும் அதே குடைத் துணியில் ரவிக்கை இருந்தது. அந்தத் துணிக்காரர் எங்கள் லயத்தில் ஏழு வீட்டுக்கு அதே கட்டைத்தான் பிரித்துக் கொடுத்திருந்தார். அத்தை வாயில் பஞ்சோடு போய் நின்றாளாம். பேச முடியவில்லை. கல்லாக்காரி ரவிக்கையைப் பார்த்துவிட்டு டின்னை எடுத்துக் கொடுத்தாளாம்.

செவ்வாய்க்கிழமை எங்கள் கங்காணி மண்டோரின் மகன் அதே குடைச் சட்டையில் போய் வாங்கி வந்தான். புதன்கிழமைதான் கூத்து. கடைசி வீட்டுப் பெரியம்மா எங்கள் வாசலில் வந்து நின்றாள். உடம்பில் குடை ரவிக்கை, கையில் டின்.

"ஏண்டி, நான் ரிப்பன் வாங்கத்தான் போனேன். அந்தச் சீனப் பொம்பள ஓடி வந்து என் கையைப் பிடிச்சு இதைக் குடுத்துக் காசையும் வாங்கிக்கிட்டா. வேணாம்னா விடல. என்னமோ கேட்டா. நானும் யா யான்னு தலைய ஆட்டிட்டேன். இது ஒங்க வீட்டுதுதானே?"

"என்னா கேட்டாங்க பெரியம்மா?" என்றான் அண்ணன்.

"பாப்பா சௌக்கியமான்னு இருக்கும். வேற என்னாத்த கேக்கப் போறா?"

அன்றைக்கு அப்பா வேலை முடிந்து வந்து டின்களைப் பார்த்தார். நாலு இருந்தது. பலகை தேடினார். நாலு காலோடு ஒரு தட்டு அடித்தார். எறும்பு ஏறாமல் இருக்க ஒவ்வொரு காலுக்கும் கீழே தண்ணீர்க் கிண்ணம் வைத்தார். டின்களை அதில் வரிசையாக அடுக்கினார். பிறகு அம்மாவிடம், "நாலு கரண்டியே போடு," என்றார். ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் அவர் பேசிய முதல் பேச்சு அது.

நான் நாலு போட்டுக் கரைத்தேன். பால் வெள்ளையாக இருந்தது. அது அவ்வளவு வெள்ளையாக இருக்கும் என்று அதுவரைக்கும் எனக்குத் தெரியாது.

கடைசி நாள் சனிக்கிழமை. அம்மாவும் நானும் தம்பியும் பஸ்ஸில் போனோம். அம்மா கொல்லையில் பழுத்த பப்பாளி ஒன்றைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டாள். எம்போரியத்தில் பாதித் தட்டு காலி. கூரைக் காகிதங்கள் அங்கங்கே அறுந்து தொங்கின. கல்லாக்காரி எங்களைப் பார்த்ததும் கையை நீட்டினாள். நான் தம்பியைக் கொடுத்தேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான், ஆனால் அழவில்லை. மறுபடியும் விரலால் மணிக்கட்டைச் சுற்றிப் பார்த்தாள். ஒரு வாரத்தில் என்ன மாறியிருக்கும். ஆனால் தலையை ஆட்டினாள். அன்றைய டின்னோடு, பக்கவாட்டில் நசுங்கிய டின் இரண்டையும் எடுத்து வைத்தாள். நசுங்கியதை யாரும் வாங்க மாட்டார்கள் என்று கையால் காட்டினாள். அம்மா பப்பாளியைக் கொடுத்தாள். அவள் முகர்ந்து பார்த்துவிட்டுக் கல்லாவுக்குக் கீழே வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் வேறு ஒன்றும் பேசவில்லை. பேச மொழியில்லை.

அதன் பிறகு அவளை நான் பார்க்கவில்லை. பேர்கூடக் கேட்கவில்லை.

விற்பனை முடிந்தது. விலை பழையபடி ஏறியது. தட்டில் டின்கள் குறைந்துகொண்டே வந்தன. காலி டின்னில் ஒன்றை அம்மா அரிசி அளக்க வைத்துக்கொண்டாள். ஒன்று குளிக்கத் தண்ணீர் மொள்ள. இரண்டே டின் மிஞ்சியபோது, ஒரு திங்கட்கிழமை, அம்மா வேலை முடிந்து நேராக டிரெசரிடம் போனாள். நானும் தம்பியோடு போனேன். தம்பியை நிறுக்கும் முன்னாலேயே அம்மா சொல்லிவிட்டாள்.

"சார், நான் மொதல்ல நாலு கரண்டி போடல. ரெண்டுதான் போட்டேன். இப்பப் போடுறேன். இன்னும் ரெண்டு டின்தான் இருக்கு. அப்புறம் வாங்க முடியாது. ஏதாவது வழி இருக்கா சார்?"

டிரெசர் பேனாவைக் கீழே வைத்தார்.

"டவுன் கிளினிக்ல நோஞ்சான் பிள்ளைங்களுக்குப் பால்மாவு சும்மாவே தருவாங்க. நான் கடுதாசி எழுதிக் குடுத்தாப் போதும்." காகிதத்தை எடுத்துக்கொண்டே, "முன்னாடியே கேட்டிருக்கலாமேம்மா" என்றார்.

"முன்னாடி கேக்கத் தெரியல சார்."

அவர் தலையைக் குனிந்து கடுதாசி எழுதினார். நீங்களே சொல்லியிருக்கலாமே என்று அவரைக் கேட்க அம்மாவுக்குத் தோன்றவில்லை. அவருக்கே தோன்றியது என்று நினைக்கிறேன். எழுதி முடிக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

கிளினிக்கில் பால்மாவு கொடுத்தார்கள். மாதா மாதம் அம்மா போய் வாங்கி வந்தாள். வாரா வாரம் தராசு. முள் நகர்ந்ததா இல்லையா என்று எனக்கு அங்கிருந்து தெரியாது. டிரெசர் முகத்தைத்தான் பார்ப்பேன். அந்த முகத்திலும் ஒன்றும் தெரியாது.

மழைக்காலம் முடிகிற நேரம். ஒரு நாள் தம்பியைத் தூளியில் போட்டார். தராசின் கொக்கி கிறீச்சிட்டது. அவர் பார்த்தார். அட்டையில் எழுதினார். அட்டையை மடித்து அம்மாவிடம் கொடுத்தார்.

"அடுத்த வாரம் வர வேணாம்."

அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. முன்பென்றால் அட்டையை வாங்கிக்கொண்டு பேசாமல் வந்திருப்பாள். வீட்டில் உட்கார்ந்து அழுதிருப்பாள். அன்றைக்கு நின்றாள்.

"ஏன் சார்?"

"நல்லா இருக்கான். இனிமே மாசம் ஒரு தடவை வந்தாப் போதும். அதான்."

 அம்மா அட்டையை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். நாங்கள் செம்மண் சாலையில் நடந்தோம். மழை விட்டு, தண்ணீர் அங்கங்கே நின்றது. அம்மா முன்னால் போனாள், கொஞ்சம் வேகமாகவே போனாள். பாதி தூரத்தில் என் இடுப்பு வலித்தது. தம்பியை இந்தப் பக்கம் மாற்றினேன், அந்தப் பக்கம் மாற்றினேன். பிறகு ஒரு கல் மேல் உட்கார வைத்துவிட்டு நின்றேன்.

அம்மா திரும்பிப் பார்த்தாள்.

"என்னாடி?"

"கனக்குதும்மா."

அம்மா வந்து எங்கள் முன்னால் நின்றாள். தூக்கிக்கொள்வாள் என்று நினைத்தேன். தூக்கவில்லை. கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள்.

"கனக்கட்டும்," என்றாள்.